ஏவல் மொழியும் ஏட்டுத் தமிழும்

ஓதுதலும் எழுதுகோலும் திருமறையின் முதல் அருளிப்பாட்டிலேயே பேசப்பெற்றவை. அம்மறையைப் போற்றும் சமுதாயம் நிறுவிய கல்லூரியில், தமிழ் ஏடுகளைப் பயிலும் துறையின் மலரில், கணிப்பொறியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். நேர்மையான வினா அது. அதற்கு நம் விடையை முதலிலேயே சுருங்கக் கூறிவிடுகிறோம். யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்கமுறைகளில் ‘கட்டளை வரி’ என்றொரு கருவி உண்டு. திரையில் படங்களைத் தொட்டுக் காட்டாமல், வேண்டியதை ஒரு வரியில் எழுதிப் பொறியை ஏவும் முறை அது. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதற்கு அதனினும் எளிய, செலவற்ற துணை வேறில்லை. ஆதலின் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அதனைக் கற்றல் வேண்டும். கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறையே ஏற்றல் வேண்டும்.

எழுத்துப் பணிக்கெனப் பிறந்த கருவி

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதன் தலையாய ஆக்கியோர். புதிய கணிப்பொறி ஒன்று வேண்டுமென அவர்கள் மேலிடத்தைக் கேட்டபோது, இயக்கமுறை ஆய்வுக்கென்று பொருள் பெறும் சூழல் அங்கே இல்லை. ஆவணங்களைத் தட்டச்சிட்டுத் திருத்தி அச்சிடும் அமைப்பொன்றை உருவாக்கித் தருவோம் என்று கூறியே பிடிபி-11 என்னும் பொறியைப் பெற்றனர். 1971இல் அதனைப் பயன்கொண்ட முதல் வெளியார், அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டு வந்த பணியாளர்களே.

இன்றளவும் பெரிதும் வழங்கும் ‘கிரெப்’ என்னும் தேடு கருவியின் பிறப்பு இதனினும் சுவையானது. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 1788 ஆகிய ஆண்டுகளில் மூவர் புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் உண்டு. எக்கட்டுரையை எவர் எழுதினார் என்பதைச் சொல்லாட்சி கொண்டு ஆராய லீ மெக்மகன் என்பார் விரும்பினார். அப்பெருங்கோப்புகள் அந்நாளைய திருத்தியில் அடங்கவில்லை. அத்திருத்தியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தாம்சன் தனிக்கருவியாக்கினார் என்று அவர்தம் உடன்பணியாளர் பிரையன் கெர்னிகன் எடுத்துரைத்துள்ளார். நூலாசிரியர் யாவர் என்னும் ஆய்வு தமிழ் மாணவருக்குப் புதியதா? நம் வகுப்பறையில் நாளும் நிகழும் ஆய்வுக்காகப் பிறந்த கருவியை நாமே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தார் இக்கருவிகளை எவரும் கட்டின்றிப் பயன்கொள்ளுமாறு புதிதாக எழுதினர். 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இரண்டும் இணைந்தபோது விலை கொடாமலும் உரிமம் மீறாமலும் பெறக்கூடிய இயக்கமுறை உலகிற்குக் கிடைத்தது. பிறர் உரிமையைப் பறித்த படிகளைக் கணிப்பொறியில் ஏற்றுவது நமக்கு ஆகாத செயல் என்பதை நினைவிற் கொண்டால், இதன் அருமை மேலும் விளங்கும்.

ஏவலின் இலக்கணம்

கட்டளை வரியைக் கண்டு அஞ்சும் தமிழ் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். அதன் இலக்கணத்தை நீங்கள் முன்னரே அறிவீர்கள். தமிழில் வினைப்பகுதியே ஏவலாக நிற்கும்: நட, வா, எழுது, தேடு. கட்டளை வரியிலும் முதலில் நிற்பது இத்தகைய ஏவல் வினையே. அதனையடுத்துச் சிறுகோட்டுடன் வரும் ஓரெழுத்து, வினை நிகழும் விதத்தைக் கூறும். அதனை ‘அடை’ என்போம். இறுதியில் வரும் கோப்பின் பெயர் செயப்படுபொருள். ஏவல், அடை, செயப்படுபொருள் என்னும் மூன்றையும் இடைவெளி விட்டு எழுதி என்டர் விசையைத் தட்டுவதே முழு இலக்கணம்.

ஏவற்பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டுதல் வேண்டும். ஈண்டு அவற்றை ஒலிப்பு முறையில் தருகிறோம். எழுத்தெழுத்தாக ஒலிப்பனவற்றைப் புள்ளியிட்டுக் காட்டுகிறோம்.

நாம் நிற்கும் அடைவு எதுவென அறியப் பி.டபிள்யூ.டி.; அதிலுள்ள கோப்புகளைக் காண எல்.எஸ்.; வேறோர் அடைவிற்குச் செல்லச் சி.டி.; சி.டி.க்குப் பின் சிறுகோடு ஒன்றை மட்டும் இட்டால் முன்பிருந்த அடைவிற்கே மீளலாம். படியெடுக்கச் சி.பி.; இடமோ பெயரோ மாற்ற எம்.வி.; நீக்க ஆர்.எம். நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க ‘லெஸ்’. படிக்கும்போது சாய்கோடிட்டு ஒரு சொல்லைத் தட்டினால் அச்சொல் உள்ள இடத்திற்குச் செல்லும். கியூ எழுத்தைத் தட்டினால் வெளிவரலாம். எந்த ஏவலின் விளக்கத்தையும் அறிய ‘மேன்’ என்று எழுதி அவ்வேவலின் பெயரை அடுத்து எழுதுக. உரையாசிரியர் உடனிருப்பது போன்ற உதவி அது.

கைக்கு எளிதான சில பழக்கங்களும் உண்டு. கோப்பின் பெயரை முழுவதும் தட்ட வேண்டுவதில்லை; முதற் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் எஞ்சியதைப் பொறியே நிரப்பும். அவ்வாறு தொடங்கும் பெயர்கள் பலவாயின், இருமுறை அழுத்த அவை அனைத்தும் பட்டியலாக வரும். முன்பு எழுதிய ஏவலை மீண்டும் பெற மேல்நோக்கிய அம்பு விசை உதவும். நெடுநேரத்திற்கு முன் எழுதியதாயின் கண்ட்ரோல் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, அதிலுள்ள சொல் ஒன்றைத் தட்டினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் பணியை நிறுத்தக் கண்ட்ரோலுடன் சி. சேமிக்கும் பழக்கத்தால் கண்ட்ரோலுடன் எஸ் அழுத்திவிட்டுத் திரை உறைந்துவிட்டதென அஞ்சுவோர் பலர். கண்ட்ரோலுடன் கியூ அழுத்தினால் உறைந்த திரை உயிர்பெறும். கோப்பின் பெயரில் இடைவெளி இருப்பின் பொறி அதனை இரு பெயராகக் கொள்ளும். ஆதலின் பெயரை மேற்கோட் குறிக்குள் இடுக, அன்றி இடைவெளியே இல்லாத பெயர் சூட்டுக. பெயர்களைத் தமிழிலேயே சூட்டலாம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அமானிதம் பேணல்

ஏவல் சுருக்கமானது, ஆயினும் அதன் விளைவு பெரிது. ஆர்.எம். கொண்டு நீக்கிய கோப்பு குப்பைக்கூடைக்குச் செல்லாது. அந்த நொடியே போய்விடும். துறையின் ஏட்டுப் படிகளும் ஜமாஅத்தின் பதிவேடுகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதங்கள். அவற்றைக் கையாள்வோர் நான்கு விதிகளை மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, ஆர்.எம்., சி.பி., எம்.வி. ஆகிய மூன்றுடனும் ஐ என்னும் அடையைச் சேர்த்து எழுதுக. நீக்கும் முன்னும், உள்ள கோப்பின்மீது மேலெழுதும் முன்னும் பொறி நம்மைக் கேட்கும். இரண்டாவது, எல்லாக் கோப்புகளையும் சுட்டும் உடுக்குறியை ஆர்.எம். உடன் இடுமுன், அதே குறியை எல்.எஸ். உடன் இட்டு எவையெவை சிக்குகின்றன எனக் காண்க. உடுக்குறிக்கும் அதனையடுத்த புள்ளிக்கும் நடுவே தவறிப்போய் ஓர் இடைவெளி விழுந்தால் அடைவிலுள்ள கோப்புகள் அனைத்தும் அழிந்துபோகும். மூன்றாவது, ஏவலின் விளைவைக் கோப்பில் சேர்க்கும் வலக்கோணக் குறி ஒன்றாயின் பழைய உள்ளடக்கத்தை அழித்து எழுதும். இரண்டாயின் இறுதியில் சேர்த்து எழுதும். ஒரு கோப்பை வரிசைப்படுத்தி, ஒற்றைக் கோணக் குறியால் அதே கோப்பில் விளைவை எழுதச் சொன்னால், படிப்பதற்கு முன்னரே கோப்பு வெறுமையாகிவிடும். விளைவை வேறு பெயரில் எழுதிப் பார்த்த பின்னர்ப் பெயர் மாற்றுவதே முறை. நான்காவது, மூலப்படியைத் தொடாமல் வேறோரிடத்தில் வைத்துக்கொண்டு, அதன் படியில் மட்டுமே பணி செய்க. ஓலைச்சுவடியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படியெடுத்த தாளில் திருத்தம் எழுதிய பதிப்பாசிரியர்களின் வழி அது.

ஏட்டின்மீது ஏவல்

இனித் தமிழுக்கு வருவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்டது. அதன் பாடம் எளிய எழுத்துக் கோப்பாக, அடிக்கு ஒரு வரியாக நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ‘நபி’ என்னும் சொல் வரும் அடிகள் வேண்டுமாயின், ஜி, ஆர், இ, பி என்னும் நான்கெழுத்தாலாகிய கிரெப் ஏவலை எழுதி, என் என்னும் அடையை இட்டு, மேற்கோளுக்குள் ‘நபி’ என எழுதிக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். அடிகளும் அவற்றின் வரி எண்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் வரும். சி என்னும் அடையை இட்டால் எத்தனை அடிகளில் வந்துள்ளது என்னும் தொகை வரும். ஓரடியில் இருமுறை வந்தாலும் இத்தொகை ஒன்றாகவே எண்ணும் என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். ஆட்சிகள் அனைத்தையும் எண்ண ஓ என்னும் அடையை இட்டு, விளைவை வரி எண்ணும் ஏவலாகிய டபிள்யூ.சி.க்கு எல் என்னும் அடையுடன் அனுப்புதல் வேண்டும்.

இவ்வாறு ஓர் ஏவலின் விளைவை மற்றோர் ஏவலுக்கு அனுப்பும் நெடுங்கோட்டுக் குறிக்குக் குழாய் என்று பெயர். டக் மெக்கில்ராய் என்பாரின் எண்ணத்தில் தோன்றி, 1973இல் யூனிக்ஸில் இடம்பெற்றது அது. 1986இல் ஒரு கணிப்பொறி ஏட்டில், ஒரு நூலில் மிகுதியாகப் பயின்ற சொற்களைக் கண்டறியும் சிக்கலுக்கு டொனால்டு குனுத் பக்கம் பக்கமாக விரியும் நிரல் எழுதினார். அதனைத் திறனாய்ந்த மெக்கில்ராய், ஆறு ஏவல்களைக் குழாயால் பிணைத்து அதே பணியை முடித்துக் காட்டினார். அவ்வழியில் தமிழுக்கும் செய்யலாம். டி.ஆர். என்னும் ஏவலால் இடைவெளிதோறும் வரி முறித்துச் சொற்களைத் தனித்தனி வரியாக்குக. ‘சார்ட்’ கொண்டு வரிசைப்படுத்துக. யு, என், ஐ, கியூ என்னும் எழுத்துகளாலாகிய ‘யூனிக்’ ஏவலைச் சி அடையுடன் இட்டு ஒத்த சொற்களை எண்ணுக. ஆர், என் என்னும் அடைகளுடன் மீண்டும் சார்ட் இட்டு மிகுதியானது முதலாக அடுக்குக. ‘ஹெட்’ கொண்டு தலைப்பகுதியைக் காண்க. யூனிக் ஏவல் அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஆதலின் முதலில் வரிசைப்படுத்தாமல் எண்ணினால் தொகை பிழையாகும்.

பாடபேதம் காண்பதற்கு ‘டிஃப்’ என்னும் ஏவல் உண்டு. இரு பதிப்புகளின் கோப்புப் பெயர்களை அடுத்தடுத்து எழுதினால், வேறுபடும் வரிகளை மட்டும் அது எடுத்துக் காட்டும். மாணவர் இருவர் ஒரே படலத்தைத் தனித்தனியே தட்டச்சிட்டு டிஃப் கொண்டு ஒப்பிட்டால், இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழை செய்தாலன்றி எப்பிழையும் மறைந்திருக்க இயலாது. மெய்ப்புத் திருத்தத்திற்கு இதனினும் நம்பகமான வழியை நாம் அறியோம்.

தமிழறிவு இன்றேல் பயனில்லை

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். இக்கருவிகளைத் தமிழறியாதார் இயக்கினால் பிழையான விடையே கிடைக்கும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? தொடக்கப்பள்ளிக் குழந்தையும் மூன்று என்னும். டபிள்யூ.சி. ஏவலை எம் என்னும் அடையுடன் இட்டால், வரியிறுதிக் குறியை நீக்கி, ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அது எண்ணுகிறது. சி என்னும் அடையுடன் இட்டால் 15 என்னும். யூடிஎஃப்-8 குறியீட்டில் இவை ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதே காரணம். எனவே எழுத்தெண்ணி யாப்பாராய விரும்புவோர் பொறி கூறும் எண்ணை அப்படியே ஏற்றல் ஆகாது.

‘கல்’ என்று தேடினால் கல்வியும் கல்லூரியும் பகலும் விலகலும் உடன்வரும். ‘நபி’, ‘நபியை’, ‘நபியும்’ என உருபும் இடைச்சொல்லும் ஏற்ற வடிவங்களை யூனிக் வெவ்வேறு சொற்களாகவே எண்ணும். செய்யுளில் புணர்ந்து நிற்கும் சொற்களோ பதம் பிரித்தாலன்றித் தேடலிற் சிக்கா. பதம் பிரிக்கப் புணர்ச்சி இலக்கணம் அறிந்தார் வேண்டும். அங்கேதான் தமிழ் மாணவரின் இன்றியமையாமை புலப்படுகிறது.

அகர வரிசையிலும் இத்தகைய இடர் உண்டு. ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம் நகரத்தையடுத்தும், றகரம் ரகரத்தையடுத்தும், ழகரம் ளகரத்தையடுத்தும் வைக்கப்பெற்றுள்ளன. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின் நிற்கிறது. எண் வரிசையிலேயே அடுக்கினால் ‘பகை’ முன்னும் ‘பக்கம்’ பின்னுமாக அமைந்து, நம் அகராதி முறை தலைகீழாகும். கணிப்பொறியின் மொழி அமைப்பிற்கேற்ப இவ்வரிசை மாறும். ஆதலின் பத்துச் சொற்களை முதலில் அடுக்கிப் பார்த்துச் சரியெனக் கண்ட பின்னரே பெரும்பட்டியலை அடுக்குதல் வேண்டும்.

இசுலாமியத் தமிழுக்கே உரிய சிக்கல் மற்றொன்று. அரபுச் சொற்களை நம்மவர் பலவாறு எழுதுவர். முகம்மது, முஹம்மது, முகமது, முஹமது என நான்கு வடிவங்கள் ஒரே நூலில் காணப்படுவதுண்டு. கிரெப் ஏவலுக்கு இ என்னும் பேரெழுத்தை அடையாக இட்டு, ‘மு[கஹ](ம்)?மது’ என எழுதினால் நான்கும் ஒருங்கே கிடைக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பனவற்றுள் ஏதேனும் ஒன்று வரலாம். வினாக்குறிக்கு முன்னுள்ளது வந்தாலும் வாராவிடினும் ஏற்கலாம் என்பது இதன் பொருள். இந்நெறியை வகுப்பதற்கு நம் எழுத்து வழக்கை அறிந்தவரே தகுதியுடையார்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘மௌலவி’ என்பதன் ஔகாரக் குறிக்கு மாறாக, எகரக் குறியும் ளகரமும் சேர்த்து ‘மெளலவி’ எனத் தட்டச்சிட்டவர் எண்ணிலர். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடும்போதோ ஒன்று கிடைக்க மற்றொன்று நழுவும். எஸ், இ, டி என்னும் எழுத்துகளாலாகிய ‘செட்’ ஏவலை எழுதி, மேற்கோளுக்குள் எஸ் என்னும் ஆங்கில எழுத்து, சாய்கோடு, பிழை வடிவம், சாய்கோடு, திருத்த வடிவம், சாய்கோடு, ஜி என்னும் எழுத்து என்று இம்முறையே இட்டால், நூல் முழுவதும் ஒரே நேரத்தில் திருந்தும். வளைந்த மேற்கோட் குறி முதலியவற்றை நீக்குவதற்கும் செட் ஏவலையே கொள்க. குனு மென்பொருளில் வழங்கும் டி.ஆர். ஏவல் பைட்டு பைட்டாகப் பணி செய்வது. அதனைக் கொண்டு நீக்க முயன்றால் தமிழ் எழுத்துகளே சிதையும்.

சொல்லடைவும் அறிவிப்பாளர் தொடரும்

இத்துணை முயற்சியும் எதற்கு என்பதற்கு இப்போது வருகிறோம். ஓர் இலக்கியத்தை ஆழ்ந்து கற்க முதற்கருவி சொல்லடைவு. எகிப்து நாட்டறிஞர் முகம்மது ஃபுவாது அப்துல் பாக்கீ திருமறையின் சொற்களுக்கு உருவாக்கிய அடைவைப் பயன்கொள்ளாத ஆலிம் அரியர். பண்டைத் தமிழ் இலக்கியத்திற்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. இசுலாமியத் தமிழ் இலக்கியப் பரப்போ மிக விரிந்தது. காப்பியங்கள், மசலாக்கள், முனாஜாத்துகள், நாமாக்கள், கிஸ்ஸாக்கள் என அதன் வகைகளை மேடைதோறும் எண்ணிக் காட்டி மகிழ்கிறோம். அவற்றுள் மாணவர் தம் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளத்தக்க சொல்லடைவு உடையன எத்தனை? பெருமை பேசும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் இப்பணிக்கு ஈந்திருப்போமாயின், அயலார் எழுதும் இலக்கிய வரலாறுகளில் நம் இலக்கியத்திற்கு ஒரு பத்தி மட்டுமே ஒதுக்கப்படும் நிலை மாறியிருக்கும் என நாம் நம்புகிறோம்.

கட்டளை வரி இப்பணிக்குச் சிறப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் கூறினால் ஏற்கப்படுவதில்லை; யார் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாது, அஃதாவது அறிவிப்பாளர் தொடர், உடனிருத்தல் வேண்டும். தொடரின் ஒவ்வொரு கண்ணியும் ஆராயப்படும். நம் ஆய்வேடுகளிலோ ‘இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் வந்துள்ளது’ என்னும் கூற்று தனித்து நிற்கிறது. எப்பதிப்பில், எவ்வாறு எண்ணப்பெற்றது என்பதை எவரும் அறியார். சுட்டியால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணியவர்க்கே தாம் செய்தது மறுநாள் நினைவில் இராது. கட்டளை வரியில் செய்த பணியோ எழுத்தாகவே நிற்கிறது. கோப்பின் பெயர், தேடிய வடிவம், இட்ட அடைகள், குழாயின் வரிசை ஆகிய அனைத்தும் ஒரு வரியில் அடங்கும். அவ்வரியை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட்டால், வேறொரு கல்லூரி மாணவர் அதே கோப்பின்மீது அதே ஏவலை இட்டு அதே எண் வருகிறதா எனச் சோதிக்கலாம். தவறிருப்பின் எக்கண்ணியில் தவறென்று சுட்டலாம். ‘ஹிஸ்டரி’ என்னும் ஏவல், இதுவரை நாம் எழுதிய ஏவல்களை எண்ணிட்டுத் தரும்; அதனைக் கோப்பில் சேமித்து வைப்பது ஆய்வாளரின் கடமையாதல் வேண்டும். சான்றுத் தொடரை உலகிற்குக் கற்பித்த மரபினர் நாம். நம் ஆய்வேடுகளில் அம்மரபு விளங்க வேண்டாவா?

மறுப்புகளும் விடைகளும்

செல்பேசியும் சுட்டியும் போதுமே என்பார் உளர். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அவை போதும். ஆயிரக்கணக்கான அடிகளில் ஒரே திருத்தத்தைச் செய்யவும், செய்ததை மெய்ப்பிக்கவும் அவை போதா. மேலும் செல்பேசியைக் கொண்டே கட்டளை வரியைப் பயிலலாம். ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் கருவகம் லினக்ஸே. டெர்மக்ஸ் என்னும் செயலியை நிறுவினால் இங்குக் கூறிய ஏவல்களைப் பயின்று பார்க்கலாம். விண்டோஸ் உடையாரும் அதனுள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதி 2016 முதல் உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஏன் இதனைக் கற்றல் வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. 2022 இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலாயின, கேட்ட மாத்திரத்தில் ஏவலை எழுதித் தருகின்றன என்பது உண்மையே. எழுதித் தந்த ஏவல் நாம் கேட்டதைச் செய்யுமா, கோப்பையே அழித்துவிடுமா என்பதை அறிய அதனைப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். பொருளறியாத முறியில் கையொப்பமிடும் வணிகர் உளரா? ஒரு நூலின் சொற்களை எண்ணித் தருமாறு நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால், தவறான தொகையைத் துணிவுடன் கூறுதலும் உண்டு. ஏவல் கற்றவர் அதனைச் சரிபார்ப்பார். கல்லாதவர் அப்படியே அச்சேற்றுவார்.

ஏவல்கள் ஆங்கிலத்தில் உள்ளனவே என்னும் தயக்கம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் மிகுதி. மாணவியரிடம் இன்னும் மிகுதி. அன்றாடம் தேவைப்படும் ஏவல்கள் இருபதுக்கு மேற்படா. அவை ஆங்கிலப் புலமையைக் கோருவனவும் அல்ல; குறியீடுகளாகவே கற்கத்தக்கவை. யாப்பிலக்கணத்தின் வாய்பாடுகளை நெட்டுருச் செய்தவர்க்கு இது பெரும் சுமையன்று.

செய்ய வேண்டுவன

கல்லூரி நிருவாகத்தையும் பேராசிரியப் பெருமக்களையும் சமுதாயப் பெரியோரையும் நாம் வேண்டிக்கொள்வன சில.

தமிழ் இளங்கலை மாணவர்க்கு வாரம் இரண்டு மணி நேரம் கணிப்பொறிக் கூடத்தை ஒதுக்கித் தருதல் வேண்டும். பயிற்சி தமிழாசிரியர் துணையுடன் நடைபெற்று, பயிற்சிக்குரிய பாடம் தமிழ் நூலாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒரு படலத்தையோ ஒரு சிற்றிலக்கியத்தையோ ஒருங்குறியில் தட்டச்சிட்டு, டிஃப் கொண்டு மெய்ப்பு நோக்கி, பதம் பிரித்துத் துறைக்கு அளித்தல் வேண்டும். சீறாப்புராணத்தை ஐம்பது மாணவர் பகிர்ந்துகொண்டால் ஒருவர்க்கு ஏறத்தாழ நூறு பாடல்களே வரும்.

1990களில் எழுத்துருக்கள் பலவாகவும் குறியீடுகள் வெவ்வேறாகவும் இருந்தன. 1999இல் டாம், டாப் என்னும் முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒருங்குறியை 2010இல் ஏற்றது. அதற்கு முன்னர்த் தட்டச்சிட்ட மலர்களும் இதழ்களும் உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பெரியோர் தம் இல்லங்களிலும் அச்சகங்களிலும் உறங்கும் பழைய வட்டுகளைத் தேடித் தந்தால், அவற்றுள் மாற்றத்தக்கனவற்றை மாற்றி எளிய எழுத்துக் கோப்புகளாகக் காக்கலாம். டிஸ்கி குறியீட்டில் அமைந்தவற்றை ‘ஐகான்வ்’ என்னும் ஏவலே ஒருங்குறியாக்கித் தரும். காலந்தாழ்த்தினால் வட்டுகள் பழுதுபட்டு, அச்சுப் படியும் கிடையாதனவற்றை என்றென்றைக்குமாக இழப்போம்.

விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்க இயலாப் பொறிகளை வணிகப் பெருமக்கள் கழித்துக் கட்டுகின்றனர். அவற்றைக் கல்லூரிக்கு ஈந்தால் லினக்ஸ் நிறுவிப் பல்லாண்டு பயன்கொள்ளலாம். இதனைக் கற்ற மாணவர் ஜமாஅத்தின் சந்தாப் பட்டியலைச் சீராக அடுக்கவும், ஒரே பெயர் இருமுறை வந்திருப்பின் சுட்டவும், திருமணப் பதிவேட்டிலிருந்து வேண்டிய ஆண்டை நொடியில் எடுத்துத் தரவும் வல்லவராவர். கொடுத்த பொருளின் பயன் கொடுத்தவரின் மஹல்லாவிற்கே திரும்பும்.

‘அல்காரிதம்’ என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை விழாக்களில் தவறாது கூறுகிறோம். அப்பேரறிஞர் தம் காலத்துக் கணிதத்தை வணிகரும் வாரிசுரிமை பிரிப்போரும் பயன்கொள்ளுமாறு எளிமையாக எழுதி வைத்தார். அவர் செய்ததைப் போல, நம் காலத்துக் கருவியை நம் ஏடுகளுக்குப் பயன்படுமாறு செய்வதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றி. அடுத்த ஆண்டு இம்மலர் வெளிவரும்போது, சீறாப்புராணத்தின் ஒரு காண்டத்திற்கேனும் நம் மாணவர் தொகுத்த சொல்லடைவும், அதனைத் தொகுத்த ஏவல் வரிகளும் இதன் பக்கங்களில் இடம்பெறுதல் வேண்டும். அதற்கான ஆற்றல் நம் மாணவரிடம் உண்டு. வாய்ப்பை நல்குவது பெரியோர் கடன். இன்ஷா அல்லாஹ், அம்முயற்சி கைகூடுவதாக.